பேராவின் மிகச் சிக்கனமான விளக்கு

"அப்ப, இப்ப எரியேல்லையோ?"

"எரியலைங்க ஐயா. எரியக்கூடாதுன்னு நீங்கதானே ஆள் விட்டு சீல் வெச்சீங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். எரியேல்லை. நல்லது. எரியாத விளக்குக்குள்ளாலை எவ்வளவு கரண்ட் ஓடுது?"

"ஒண்ணும் ஓடலைங்க."

"ஒண்டும் இல்லை எண்டு எழுதேலாது. இது இலக்கம் எழுதுற கட்டம், காணும். இலக்கமாய்ச் சொல்லும்."

"அப்ப சைபர்னு போட்டுக்குங்க ஐயா."

கேட்டவர் பேனாவை மசிக்கூட்டில் தோய்த்தார். நுனியில் தொங்கிய சொட்டைக் கூட்டின் விளிம்பில் தட்டிவிட்டு, கட்டத்துக்குள் கோழிமுட்டை போலத் திருத்தமான ஒரு வட்டம் போட்டார். அவர் பெயர் ஸ்கந்தராஜா. மலாயாவின் பேரா மாநிலத்தில், ஈப்போவில் இருந்த மின்விளக்கு முன்னனுமதி அலுவலகத்தின் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரியவர். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு நாள்கூட அவர் சட்டையில் மசி பட்டதில்லை. பதில் சொன்னவன் சன்னாசி. காம்பாருக்கு அப்பால் ஆனைக்கல் தோட்டத்து ஸ்டோரில் டைனமோ ஓட்டுகிறவன். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் தகரக் கொட்டகையைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். சன்னாசியின் சட்டையில் மசியைத் தவிர மற்ற எல்லாம் பட்டிருந்தன.

அவன் அந்தக் கதவைத் தட்டியது அது மூன்றாவது தடவை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விளக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறவர்களுக்கென்று பலகை வைத்து மறைத்த மூலையில், கட்டிலுக்கு நேர் மேலே அது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி இழுத்தாகிவிட்டது. சுவிட்சு பொருத்தியாகிவிட்டது. அவன் மனைவி இருளாயிக்கு ஏழு மாசமும் ஆகிவிட்டது. எரிவது ஒன்றுதான் பாக்கி.

போன தடவை இந்த விளக்கு இல்லை. பெருவெள்ளம் வந்த மார்கழி அது. இருளாயிக்கு வலி கண்ட சாயங்காலம் மருத்துவச்சி நல்லம்மாள் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பார்த்தாள். குழந்தை பாதி வந்த நேரத்தில் காற்று ஒரு தட்டுத் தட்டியது. விளக்கு அணைந்தது. தீக்குச்சி நமத்துப்போயிருந்தது. அடுத்த விளக்கு ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து சேர்வதற்குள், குழந்தையின் கழுத்தைச் சுற்றிய கொடியை நல்லம்மாளின் கைகள் இருட்டில் தேடிய நேரம் போதுமானதாக இருந்தது. குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

ஆகவே, இந்த வருஷம் கம்பெனி டைரக்டர் ஒருவர் லண்டனிலிருந்து வருகிறார் என்று பயந்துபோய்த் தோட்டத் துரை ஆஸ்பத்திரிக்கு ஒரு மின்விளக்குப் போடச் சொன்னபோது, சன்னாசி ஏணியில் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்கள் அவனுக்குப் பேய் பிடித்ததென்று சொன்னார்கள். டைரக்டர் வரவில்லை. விளக்கு மட்டும் வந்தது.

மின்விளக்கு முன்னனுமதி அலுவலகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கிந்தா பள்ளத்தாக்குக்கு மின்சாரம் வந்து அதிக வருஷங்கள் ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, யாரையும் கேட்காமல், கம்பிக்குள் இங்கும் அங்கும் போய்வருகிறது என்பது மேலிடத்துக்குக் கவலையாக இருந்தது. அதனால் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அலுவலகம் திறப்பதற்கு முன்பே எரிய ஆரம்பித்திருந்த விளக்குகளைப் பழைய பாவம் என்று மன்னித்துவிட்டார்கள். புதிதாக எரிய விரும்பும் விளக்கு ஒவ்வொன்றும் தன் தடை எவ்வளவு, தான் தின்னும் சக்தி எவ்வளவு என்பதைப் பதினொன்றாம் இலக்கப் படிவத்தில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதற்கான சூத்திரம் பொன்நிறச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் சக்தி. நான்கு மணிக்கு மேல் அதை யாராலும் வாசிக்க முடியாது, ஏனென்றால் அந்த அலுவலகத்தில் மின்விளக்கு இல்லை. அதன் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது.

சன்னாசிக்கு அந்தக் கணக்கு புதிது அல்ல. டைனமோ பூட்ட வந்த கான்டனீஸ் ஃபிட்டர் மலாயில் பாதியும் விரலில் பாதியுமாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். பால்வாளியை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறாயோ அது வோல்ட். எவ்வளவு பால் கொட்டுகிறதோ அது ஆம்பியர். நடுவில் பிடித்திருக்கும் சல்லடைக் கண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு தடை. வாளி ஒரே உயரத்தில் இருக்க, பால் கொஞ்சமாக வந்தால் சல்லடை நெருக்கம் என்று பொருள். சன்னாசிக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பால்வாளி தூக்கினவனுக்குப் புரியாத கணக்கு இல்லை அது.

அதனால் முதல் தடவை அவன் ஈப்போவுக்குச் சரியான விடையோடு போனான். அதுதான் அவன் செய்த தப்பு.

ஸ்டோரில் மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, ஆஸ்பத்திரி விளக்கை மட்டும் ஒரு நிமிஷம் எரியவிட்டு, பலகையில் இருந்த இரண்டு மீட்டர் முள்ளையும் பார்த்து வைத்திருந்தான். வோல்ட் நூற்றுப்பத்து. ஆம்பியர் அரை. நூற்றுப்பத்தை அரையால் வகுத்தால் இருநூற்றிருபது ஓம். நூற்றுப்பத்தை அரையால் பெருக்கினால் ஐம்பத்தைந்து வாட். ஸ்கந்தராஜா அதைத் தானும் போட்டுப் பார்த்தார். இன்னொரு தாளில் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். விடை சரியாகவே இருந்தது. அவர் முகம் மலரப்போன சமயத்தில் ஒன்று தோன்றியது.

"அரை ஆம்பியர் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எரிய வெச்சுப் பாத்தேங்க."

பேனா மேசைமேல் இறங்கியது. அனுமதி வாங்காத விளக்கை எரித்ததாக இவன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து சாட்சியாக நின்றார். வாக்குமூலம் எழுதப்பட்டது. எவ்வளவு நேரம் எரிந்தது, எரிந்தபோது யாருக்கு வெளிச்சம் தெரிந்தது, தெரிந்தவர்களின் பெயர் என்ன என்றெல்லாம் கேட்டார்கள். ஒரு பூனை இருந்தது என்றான் சன்னாசி. பூனை யாருடையது என்று கேட்டார்கள். அந்த வாரமே இரண்டு பியூன்கள் ரயிலேறி, காம்பாரில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்துத் தோட்டத்துக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சுவிட்சைச் சிவப்பு நாடாவால் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். முத்திரையை உடைத்தால் ஸ்டோர் டைனமோவுக்குக் கிடைத்திருந்த மன்னிப்பும் போய்விடும் என்று ஒரு கடிதமும் கூட வந்தது. டைனமோ நின்றால் சன்னாசிக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை. அந்தக் கணக்குக்கு மீட்டர் தேவைப்படவில்லை.

இரண்டாவது தடவை ஆம்பியர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தான். காலிக் கட்டத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளாது என்றார் ஸ்கந்தராஜா. சன்னாசி தனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னான். விளக்கை எரிய விடாமல் ஆம்பியர் தெரியாது. ஆம்பியர் தெரியாமல் தடை தெரியாது. தடை தெரியாமல் அனுமதி கிடையாது. அனுமதி கிடைக்காமல் விளக்கை எரிய விட முடியாது. ஸ்கந்தராஜா கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, கச்சேரி கேட்பவர்போலக் கேட்டார்.

"நீர் விதியை வடிவாய் விளங்கியிருக்கிறீர். கனபேருக்கு இது விளங்குறேல்லை" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது தடவைதான் அந்தக் கோழிமுட்டை விழுந்தது. கட்டம் நிறைந்துவிட்டது. இனி வகுக்க வேண்டியதுதான்.

நூற்றுப்பத்தைச் சைபரால் வகுப்பது என்ற பொறுப்பு இரண்டாம் கிராணி துரைசிங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கியவர். வகுத்தல் என்பது திரும்பத் திரும்பக் கழிப்பதுதானே என்று ஆரம்பித்தார். நூற்றுப்பத்திலிருந்து சைபரைக் கழித்தார். நூற்றுப்பத்து இருந்தது. அதிலிருந்து மறுபடியும் ஒரு சைபரைக் கழித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒன்பது தாள் முடிந்தது. சன்னாசி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பேனா கீறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். சாயந்தரம் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் துரைசிங்கம் தாளடுக்குகளுக்கு நடுவே இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மீதி இன்னும் நூற்றுப்பத்தில்தான் நிற்கிறது, ஆனாலும் வேலை தடைப்படாமல் நடக்கிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தார். ஓர் உதவிக் கிராணியும் இரண்டு ரீம் தாளும் கேட்டிருந்தார். தாள் வந்துவிட்டது.

இதற்குள் அலுவலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. விடைக்கு அளவே இருக்காது என்றது ஒரு கட்சி. அப்படியானால் அதை எழுதக் கட்டம் போதாது, படிவத்தைச் சிங்கப்பூரில் புதிதாக அச்சடிக்க வேண்டும் என்றது அடுத்த கட்சி. முதல் கட்சிக்காரர்கள் அடுத்த கட்சிக்காரர்களோடு காப்பி குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஸ்கந்தராஜா குறுக்கிட்டார். சைபர் போன இடமெல்லாம் சைபர்தான், பெருக்கினாலும் அப்படி, வகுத்தாலும் அப்படியே இருப்பதுதான் ஒழுங்கு என்று தீர்ப்பு எழுதி, தடை என்ற கட்டத்தில் இரண்டாவது கோழிமுட்டையைப் போட்டார். சக்தியில் ஒரு தகராறும் வரவில்லை. நூற்றுப்பத்தைச் சைபரால் பெருக்கினால் சைபர் என்பதை இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டன. மூன்றாவது முட்டை.

சன்னாசியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து மேசைப் பக்கம் போனான்.

"ஐயா, தடை சைபர்னா சல்லடையே இல்லைன்னு அர்த்தம்ங்க. ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்குன மாதிரி. கரண்டு பிச்சுக்கிட்டு வந்து ஸ்டோரையே கொளுத்திப்புடும்."

"ஸ்டோர் எரிஞ்சதோ?"

"இல்லைங்க."

"பிறகென்ன காணும்?"

இருந்தாலும் ஒன்று சொல்லாமல் வர மனசு கேட்கவில்லை. "என் பொண்டாட்டிக்கு எட்டாம் மாசங்க ஐயா" என்றான். அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை என்று ஸ்கந்தராஜா வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் பகலில் பிறந்தவர்கள்.

பதினைந்து நாள் கழித்து விடியற்காலைப் பிரட்டில், ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் நேரத்தில், தோட்டத்துப் பெரிய கிராணி ஒரு நீளக் கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சன்னாசியைக் கூப்பிட்டார். அனுமதி வந்துவிட்டது. அலுவலகம் திறந்த நாலு வருஷத்தில் பேரா மாநிலத்தில் கொடுக்கப்பட்ட முதல் அனுமதி. சன்னாசி மீதியைக் கேட்க நிற்கவில்லை. கவரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு இடையே குறுக்கு வழியில் ஓடினான். ஆஸ்பத்திரி வாசலில் நல்லம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளும் உள்ளே வந்தாள். அவன் சிவப்பு நாடாவில் கை வைத்த நேரத்தில் பெரிய கிராணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

மூன்றாம் பத்தியை வாசிக்காமல் ஓடி வந்துவிட்டாயே என்றார். வாசித்தார். மேற்படி விளக்கு பூஜ்யம் வாட் அளவுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஒரு வாட் தின்றாலும் அது குற்றம். முத்திரை அனுமதியின் ஒரு பகுதி, அதைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும்.

சன்னாசி நாடாவிலிருந்து கையை எடுத்தான். நல்லம்மாள் ஒரு தடவை விளக்கையும் ஒரு தடவை கடிதத்தையும் பார்த்தாள்.

"அப்ப எரியறதுக்கு மட்டும்தான் அனுமதி இல்ல. மத்த எல்லாத்துக்கும் இருக்குலா" என்றாள்.

அதோடு போயிருந்தால்கூட பரவாயில்லை. மின்விளக்கு அனுமதி பெற்ற கட்டடத்துக்கு மண்ணெண்ணெய் தர விதியில்லை என்று பெரிய கிராணி தன் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு பெரிய விளக்குகளும் அன்று மத்தியானமே ஸ்டோருக்குப் போய்விட்டன. நல்லம்மாளிடம் மிஞ்சியது மருந்துப் புட்டியில் திரி போட்டுச் செய்த ஒரு சின்ன விளக்கு. கையகல வெளிச்சம், அதுவும் ஊதினால் போகும். ஸ்டோரில் எரிகிற விளக்கின் கீழேயே ஒரு கட்டில் போட்டுவிடலாமா என்று சன்னாசி கேட்டுப் பார்த்தான். ரப்பர் தகட்டுக்கு நடுவில் பிள்ளை பெறுவதற்கான படிவம் தன்னிடம் இல்லை என்றார் பெரிய கிராணி.

ஈப்போவில் இதற்குள் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ஆண்டு முடிவு அறிக்கைக்காக, அலுவலகத்தின் மேலதிகாரியான வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கே பார்த்தாலும் நாற்பது வாட், அறுபது வாட், நூறு வாட் என்று தின்னிப் பண்டாரங்களாக இருந்த விண்ணப்பங்களுக்கு நடுவில், சூனியம் வாட் என்று ஒரு விளக்கு அவர் கண்ணில் பட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் தின்னாத விளக்கு. தடையும் பண்ணாத விளக்கு. தடை சைபர் என்பதை சொன்ன எந்தச் சொல்லுக்கும் மறுப்பில்லாத நல்ல குணம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றே மாநிலம் முழுக்கச் சுற்றறிக்கை போனது. ஆனைக்கல் தோட்டம் காட்டிய சிக்கனத்தை மற்ற தோட்டங்களும் எட்ட முயல வேண்டும். முதலாவதாக வருகிற விளக்குக்குப் பரிசு உண்டு.

முயன்றார்கள். பாகான் செராயில் ஓர் அரிசி ஆலை தன் விளக்குகளைப் படிப்படியாக அணைத்து மாசக் கடைசியில் பூஜ்யத்தை எட்டியது. அதன் முதலாளிக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது, ராத்திரி வேலை செய்த ஒருவனுக்கு விரல் போனது. சித்தியவானில் ஒரு தோட்டம் விளக்கே வாங்காமல் பரிசுக்கு விண்ணப்பித்தது. விளக்கு இல்லாதவர்கள் விளக்கைச் சிக்கனமாக வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்று அது நிராகரிக்கப்பட்டது. அலுவலகத்துக்கும் நியாயம் இருந்தது. எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தது ஆனைக்கல் தோட்டத்து ஆஸ்பத்திரி விளக்குதான். இன்ஸ்பெக்டர் துரை நேரில் வந்து அதற்குப் பித்தளைத் தகடு சார்த்துவதென்று முடிவாயிற்று.

விழா மாலை நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். லயத்து ஆட்களைக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். மாவிலைத் தோரணம் கட்டினார்கள். விளக்குக்கு மாலை போட்டார்கள். பிள்ளை பெறும் கட்டிலில் பித்தளைத் தகட்டையும் வெள்ளித் தட்டையும் வைத்ததால், மத்தியானம் முதல் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த இருளாயிக்கு, மறைப்புப் பலகையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, அதன் பின்னால் ஜன்னலோரம் பாய் போட்டுக் கொடுத்தார்கள். மார்கழி வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. நாலு மணிக்கு மழை வந்தது. இன்ஸ்பெக்டர் துரையின் மோட்டார் வண்டி ஆறரைக்கு வந்தது.

முதலில் ஸ்கந்தராஜா பேசினார். கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஜன்னல் பக்கம் திருப்பி, மறுபடியும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். எழுத்துத் தெரியவில்லை.

"ஒரு வெளிச்சம் கொண்டு வாங்கோ" என்றார்.

எல்லோரும் அவரவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். மாலை போட்டுக்கொண்டு நடுவில் தொங்கிய விளக்கை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கடைசியில் மறைப்புக்குப் பின்னாலிருந்து புட்டி விளக்கை எடுத்து வந்து பெரிய கிராணி உயரப் பிடித்தார். மறைப்புக்குப் பின்னால் இருட்டியது. நல்லம்மாள் அங்கிருந்தே என்னவோ சொன்னாள், கைதட்டலில் அது கேட்கவில்லை.

"இந்த அலுவலகம் திறந்து நாலு வருசம்" என்று ஸ்கந்தராஜா வாசித்தார். "நாங்கள் அனுமதி குடுத்த எந்த விளக்காலும் ஒரு விபத்தும் நடக்கேல்லை. ஒரு வீடு எரியேல்லை. ஒரு உயிர் போகேல்லை. ஏனெண்டால் நாங்கள் ஒரு விளக்குக்கும் அனுமதி குடுக்கேல்லை. ஆர் ஆரோ வந்து கேட்டுப் பாத்தினம். இதுதான் முதலாவது. இதுவும் எரியாது எண்ட உறுதி கிடைச்ச பிறகுதான் கையெழுத்து வைச்சனான்."

பின்வரிசையில் இருந்த துரைசிங்கம் கண்கலங்கினார்.

அடுத்து இன்ஸ்பெக்டர் துரை இங்கிலீசில் பேச, ஸ்கந்தராஜா தமிழாக்கிச் சொன்னார். இந்த விளக்கைப் பாருங்கள் என்றார் துரை. இது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கொடுத்தாலும் எடுத்துக்கொள்வதில்லை. இருந்த இடத்தில் இருக்கிறது. கட்டினால் கட்டுப்படுகிறது. தோட்டத்து ஜனங்கள் அனைவரும் இந்த விளக்கைப் போல் ஆகிவிட்டால் இந்த நாட்டை நிர்வாகம் செய்வது எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று ராத்திரிகளில் தான் யோசிப்பதுண்டு என்றார். கணக்கு என்பது உண்மையின் அரசன் என்றும், மீட்டரைப் பார்த்து விளக்கைத் தீர்மானிப்பது பழைய முறை, விளக்கைப் பாராமலே தீர்மானிப்பது நவீன முறை என்றும் சொன்னார். பிறகு தகட்டை ஆணி அடித்தார்கள். அந்தச் சத்தத்தோடு சத்தமாக, மறைப்புக்குப் பின்னால் இருளாயி பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது சன்னாசிக்குக் கேட்டது.

அவன் அந்தப் பக்கம் போனான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்லம்மாளின் கை அவன் முழங்கையைப் பிடித்தது.

"கால் பக்கமா வருதுடா" என்று மெதுவாகச் சொன்னாள். "போன தடவ மாதிரி தடவித் தடவிப் பாக்குற பிரசவம் இல்ல இது. கண்ணுல தெரியணும். எங்கேருந்தாச்சும் வெளிச்சம் கொண்டா. கால்மணி நேரத்துக்குள்ள கொண்டா."

புட்டி விளக்கு வாசலில் இருந்தது. படிக்கட்டில் யாரும் வழுக்கி விழாமல் துரைமார் இறங்க வேண்டுமே என்று பெரிய கிராணி அதைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் காற்று வந்து அதை ஊதிவிட்டது. பரவாயில்லை, வேலை முடிந்துவிட்டது என்றார் அவர். தீப்பெட்டி யாரிடமோ இருந்தது, யாரிடம் என்று தெரியவில்லை.

சன்னாசி திரும்பி ஒரு தடவை சிவப்பு நாடாவைப் பார்த்தான். இருட்டிலும் அதன் மேல் புதுப் பித்தளைத் தகடு மங்கலாக மினுங்கியது. நாடாவைத் தகட்டுக்கு அடியில் வைத்து, நாலு பக்கமும் ஆணி அடித்துச் சுவிட்சையே மூடிவிட்டிருந்தார்கள். இனி முத்திரையை உடைக்க விரல் போதாது, கடப்பாரை வேண்டும். கடப்பாரை ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் பூட்டியிருந்தது, விழாவை முன்னிட்டு டைனமோவையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

வெளியே மோட்டார் வண்டியின் டிரைவர் என்ஜினைச் சுற்றி விட்டான். இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. ஈர ரப்பர் மரங்களின் பட்டையில் இருந்த கத்திக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. மழைத்துளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. படியோரம் நின்ற ஆட்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

தோட்டத் துரையின் காருக்கு பேட்டரி மாற்றினது சன்னாசிதான். அதனால் வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும் கணக்கு அவன் தலைக்குள் தானாக ஓடியது. ஆறு வோல்ட். விளக்கு ஒன்றுக்கு நாலு ஆம்பியர். ஆறை நாலால் வகுத்தால் ஒன்றரை ஓம். ஆறை நாலால் பெருக்கினால் இருபத்துநாலு வாட். இரண்டு விளக்குக்கும் நாற்பத்தெட்டு. சக்கரத்தின் மேல் போகிற விளக்குக்குப் பதினொன்றாம் இலக்கப் படிவம் பொருந்தாது போலிருக்கிறது. யாரும் அதை எரியாதே என்று சொல்லவில்லை.

அவன் மழையில் ஓடினான். வண்டி பின்னால் நகர்ந்து ரோட்டுப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தது. வெளிச்சம் ஆஸ்பத்திரிச் சுவரின்மேல் மெல்ல ஊர்ந்து, ஒரு நிமிஷம் மறைப்பு மூலையின் ஜன்னலுக்குள் விழுந்தது. உள்ளே இருளாயியின் முழங்காலும், நல்லம்மாளின் இரண்டு கைகளும், கைகளுக்கு நடுவில் இருந்ததும் பட்டப்பகலாகத் தெரிந்தன. பிறகு வெளிச்சம் ஜன்னலைத் தாண்டி நகர்ந்தது.

சன்னாசி வண்டியின் படிப்பலகையில் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டான். உள்ளே இன்ஸ்பெக்டர் துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் இருந்த ஸ்கந்தராஜா, நனைந்த கை தன் சட்டையில் பட்டுவிடாமல் சற்றே ஒதுங்கி, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அவர் கை வழக்கப்படி கோட்டுப் பைக்குள் பேனாவைத் தேடியது.

"ஐயா, சூசா, தொந்தரவு எதுவும் குடுக்க மாட்டேங்க. விளக்கு எதையும் தொடக்கூட மாட்டேன். வண்டிய ரெண்டு அடி பின்னால விட்டு, மூஞ்ச அந்த ஜன்னலப் பாத்துத் திருப்பி, புள்ள வெளிய வர்ற வரைக்கும் அப்படியே கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறீங்களா?"